பட்டறைக்குள் ஒரு சென்சார்

போனில் பேசும்போது என் இடது கை சும்மா இருக்காது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல் எஸ். செய்த வேலை அழிந்துவிடாமல் கம்ப்யூட்டரில் சேமிப்பதற்கான தட்டல் அது. எதிரில் கம்ப்யூட்டரே இல்லாதபோதும் அதைத் தட்டுகிற ஆள் நான். பயந்த சுபாவம் பிறவியிலேயே உண்டு. கம்ப்யூட்டர் வந்த பிறகு அதற்கு நல்ல தீனி கிடைத்தது.

படித்தது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர். வேலை அரியலூரில் ஒரு லாரி ஆபீசில், சிமென்ட் ஏற்றப் போகும் வண்டிகளின் விவரங்களை டைப் அடிப்பது. அந்த ஆபீசின் மூலையில் ஓடாமல் கிடந்த ஒரு கம்ப்யூட்டரை முதலாளியிடம் கேட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தேன். திருகுகளைக் கழற்றி, தூசி தட்டி, மெமரி பட்டையை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகியதும் அது 'பீப்' என்றது. நான் துள்ளி எழுந்துவிட்டேன். சந்தோஷத்திலா பயத்திலா என்று கேட்டால் இரண்டிலும்தான்.

செட்டிகுளத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் என் அக்கா அதைப் பார்க்க வந்தவள், அடுத்த தடவை வரும்போது பழைய பூப்போட்ட சேலையில் அதற்கு ஓர் உறை தைத்து எடுத்து வந்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு சாமான் வந்தால் அதற்குச் சட்டை போட்டுவிட்டுத்தான் மறுவேலை. டி.வி. ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கும், பட்டன் அமுங்காவிட்டாலும் கழற்ற மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கும் அக்கா உறையை மாட்டிவிடுவாள். "ஓடறப்பவாச்சும் எடுத்து உடுக்கா, அதுக்கு மூச்சு முட்டும்" என்பேன். "தூசி போனா பரவால்லியா?" என்பாள்.

இணையத்தில் வீடியோ பார்த்து, நிறுத்தி, மறுபடி ஓட்டி, அப்படித்தான் புரோகிராம் எழுதக் கற்றேன். முறையாகப் படித்தவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. நான் எழுதியது சரியாக ஓடினால்கூட, எந்த இடத்தில் எனக்குத் தெரியாத பள்ளம் இருக்கிறதோ என்று மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்ப்பேன். சென்னையில் இரண்டொரு கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தேன். டிகிரி கேட்டார்கள். அதோடு அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்தேன். பிறகு பிடித்துக்கொண்ட பொழுதுபோக்குதான் இந்தச் சின்னச் சின்ன போர்டுகள். கூரியரில் வரவழைத்து, ஈயம் பற்றவைத்து, சூட்டை அளப்பது, ஈரத்தை அளப்பது என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன்.

அக்கா வீட்டில் சின்ன வெங்காயம்தான் எல்லாம். விதை வெங்காயத்தை, விளைந்த காட்டிலேயே பட்டறை போட்டு வைப்பார்கள். கல் அடுக்கி, மேலே மூங்கில் பரப்பி, இரண்டு பக்கமும் தட்டி கட்டி, நடுவில் வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்று வேய்வது. காற்று எல்லாப் பக்கமும் நுழைந்து வர வேண்டும். எங்காவது ஈரம் தங்கினால் நடுவிலிருந்து அழுக ஆரம்பிக்கும். ஓரத்தில் கை விட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும், உள்ளே நடப்பது தெரியாது.

அந்த உள்ளே நடப்பதைப் பார்க்கத்தான் நான் ஒரு கருவி செய்தேன். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போர்டு, பேட்டரி, சிம் கார்டு, ஈரத்தை அளக்கும் சென்சார். டப்பாவைச் சுற்றிலும் காய்ச்சிய கம்பியால் ஓட்டைகள் போட்டேன். பட்டறையின் நடுப்பகுதிவரை துளையிட்ட குழாய் ஒன்றைச் செருகி, அதற்குள் டப்பாவைக் கயிறு கட்டித் தள்ளினேன். உள்ளே எவ்வளவு ஈரம் என்று அது அவ்வப்போது என் போனுக்கு அனுப்பும். பயமில்லை என்றால் பச்சை, ஆபத்து என்றால் சிவப்பு. கயிற்றை இழுத்து டப்பாவை வெளியே எடுத்து பேட்டரியை சார்ஜ் போடுவது அக்காவின் வேலை.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். "இந்த மழைக்காலம் இது ஒழுங்கா ஓடிருச்சுன்னா, நானே நாலு பேருகிட்ட சொல்லி உடுறேன் மாப்ள" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடையே கட்டிவிட்டேன், மனசுக்குள். லாரி ஆபீசை விட்டுவிடுவது, பட்டறை போடுகிறவர்களுக்கெல்லாம் இதைச் செய்து தருவது. இந்த ஆசையை அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். அவளிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம், தோற்றால் தெரியாமல் போயிருக்கும் என்று அன்றே கவலைப்பட ஆரம்பித்தேன்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் மனுஷனாக இல்லை. லாரி நம்பர் அடிக்கும்போது போனைப் பார்ப்பேன். சாப்பிடும்போது பார்ப்பேன். பச்சை வந்தால், சென்சார் பழுதாகிப் பொய்ப் பச்சை காட்டுகிறதோ என்று பயம். வராவிட்டால் அதைவிடப் பயம். மழை விட்டதும் நட வேண்டிய விதை அது. அழுகிப்போனால் அக்கா வீட்டில் அடுத்த வெள்ளாமையே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் சிவப்பு வந்தது. அடுத்ததும் சிவப்பு. ஈரம் உச்சத்துக்கே போயிருந்தது. அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, டப்பா நல்லாருக்கா? தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"அதெல்லாம் பத்திரமா இருக்குது தம்பி. காலையிலதான் சார்ஜ் போட்டு உள்ள தள்ளுனேன். ஒரு பொட்டுத் தண்ணி படாது. ஏன், என்னாச்சு?"

டப்பா பத்திரமாக இருக்கிறது என்றால் வெங்காயம்தான் வேர்த்திருக்கிறது. "பட்டறையைப் பிரிங்க. உடனே. நடுவுல ஈரம் ஏறிப்போச்சு" என்றேன்.

பக்கத்திலிருந்த மாமாவின் குரல் கேட்டது. "மானம் கறுத்துக்கிட்டு நிக்குது. இப்பப் பிரிச்சா மொத்தமும் நனையும்."

"தம்பி சொல்லுதுல்ல, பிரிங்க" என்று அக்கா அவரிடம் சொல்வதும் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

முதலாளியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். குன்னம் பக்கம் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் ஏதோ இடித்தது. காலைவரை பச்சை. அக்கா சார்ஜ் போட்டு உள்ளே வைத்த பிறகு கோடு செங்குத்தாக ஏறி நின்றது. அவ்வளவு பெரிய குவியல் அரை நாளில் எப்படி ஈரமாகும்? அழுகல் மெதுவாக அல்லவா வரும்? அக்காவுக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை வீட்டில் வைத்துவிட்டுக் காட்டில் நிற்கிறார்கள். பிரிக்காதீர்கள், பிரிக்காதீர்கள் என்று பஸ்சுக்குள் வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பெரம்பலூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, செட்டிகுளத்தில் இறங்கி, சேற்றில் ஓடினேன்.

பாதிப் பட்டறையைப் பிரித்திருந்தார்கள். கீற்று ஒரு பக்கம், தட்டி ஒரு பக்கம். மழை வந்ததும் படுதாவை இழுத்துப் போட்டிருந்தும் பிரித்த பாதி நனைந்துவிட்டது. மாமாவும் அக்காவும் நனைந்த வெங்காயத்தைக் கூடையில் அள்ளி வீட்டுக் கூடத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அள்ளினேன். கூடம், ரூம், சமையல்கட்டு எல்லாம் வெங்காயம். மேலே ஃபேன் ஓடியது. மாமா நடுப்பகுதியிலிருந்து எடுத்த வெங்காயத்தைத் தேய்த்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. அதைக் குவியலில் போட்டுவிட்டு அடுத்த கூடையை எடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

நான் மட்டும் பட்டறைக்குத் திரும்பிப் போய்க் கயிற்றை இழுத்தேன். டப்பா வந்தது. புதுச் சேலை வைத்துத் தருவார்களே, அந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவரில், மடிப்புக் கலையாமல் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. கவருக்குள் வேர்வை முத்து முத்தாக நின்றது. அதைத்தான் என் சென்சார் காலையிலிருந்து அளந்துகொண்டிருந்திருக்கிறது.

கவரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தேன். வீட்டுக்குள் வந்ததும் மாமா கேட்டார்.

"என்ன மாப்ள சொல்லுது மிஷினு?"

"மிஷினுதான் கோளாறு மாமா. நான் செஞ்சதுல ஏதோ தப்பு."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "சரி உடு. இனிமே இந்த வேலையெல்லாம் வேணாம். ஆபீஸு வேலைய ஒழுங்காப் பாரு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெரம்பலூரில் நான் கட்டிய கடை அந்த நிமிஷத்தில் இடிந்தது. பரவாயில்லை என்று நினைத்தேன். வாழ்க்கை முழுக்க இந்தப் பாதிப் பட்டறையை யாரும் அக்காவிடம் சொல்லிக்காட்டக் கூடாது.

அக்கா கூடையை வைத்துவிட்டு என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கவரின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, மிஷினு மேல பழி போடாதீங்க" என்றாள். "நான்தான் இன்னிக்குக் காலையில மானம் கறுக்கவும் கவர் போட்டு வச்சேன். சுத்தி ஓட்டையா இருந்துச்சு, சாரல் உள்ள போயிரும்னு பயந்துட்டேன். அது போச்சுன்னா தம்பிக்கு எல்லாம் போச்சுங்க."

அதுவரை என் பயத்தை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வெங்காயத்துக்காக நான் நடுங்கிக்கொண்டிருந்த அத்தனை நாளும், என் டப்பாவுக்காக அவள் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாமா டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டு ஓட்டை எதுக்கு மாப்ள?"

"காத்து போவ மாமா. பட்டறை மாதிரி."

கூடத்தில் கொட்டிக் கிடந்த வெங்காயத்தை ஒரு கையால் காற்றுப் படப் பரப்பிவிட்டார். பிறகு டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"மீதிப் பாதி அங்கதான கெடக்கு. போயி வச்சுட்டு வா."

மழை இன்னும் விடவில்லை. சட்டைக்குள் டப்பாவை அணைத்துக்கொண்டு நான் இறங்கியதும், அக்கா குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். பட்டறைவரைக்கும் குடை முழுவதும் டப்பாவின் மேல்தான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டே போனோம்.