மாநாட்டில் நீக்கப்பட்ட கட்டுரை

இணையத்தில் எல்லோரும் கூடி எழுதும் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு எங்கள் மாவட்டத்தில் எழுதுகிறவர்கள் கடைசியில் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். நானும், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கும் நண்பரும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் இல்லை. அதுதான் அதன் ஏற்பாடு. முன்பு இன்னும் சிலர் இருந்தார்கள். ஒருவர் வளைகுடாவுக்குப் போனார், ஒருவருக்குக் கண் மங்கியது, மற்றவர்கள் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். எங்களுக்குப் பிறகு இங்குள்ள ஊர்களைப் பற்றியும் கண்மாய்களைப் பற்றியும் எழுத ஆள் இல்லை.

அதனால்தான் பக்கத்து மாவட்டத் தன்னார்வலர்களையும் சேர்த்துப் புதுக்கோட்டையில் ஒரு வட்டார மாநாடு நடத்த முடிவு செய்தோம். புதிதாக ஒரே ஒரு ஆளாவது எழுதத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் கூடிக் கலைவதில் அர்த்தமில்லை என்றார் நண்பர். எனக்கும் அதுதான் எண்ணம்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. திருக்கோகர்ணத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களிடம் முன் சக்கரமா, பின் சக்கரமா என்பதற்கு மேல் என் பேச்சு போகாது. அதனால் மேடை நண்பருக்கு, மற்ற வேலைகள் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். மாடியில் ஒரு டியூஷன் சென்டரைப் பிடித்தேன். நாற்காலி, சாப்பாடு, வைஃபை எல்லாம் ஏற்பாடு செய்தேன்.

அறிவிப்புப் பக்கத்தில் பலர் ‘ஆதரவு’ என்று கையொப்பமிட்டிருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் அது யோசனை நல்லது என்பதோடு சரி. வருவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பாதி நாற்காலிகள் காலியாகவே இருந்தன. வந்தவர்களில் ஒருவருடன் நான் பல வருடங்களாகக் கட்டுரைகளைப் பகிர்ந்து எழுதியிருக்கிறேன். ஆனால் அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. இணையத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லி, “வாங்க காட்டுப்பூனை” என்று நண்பர் வரவேற்றபோது, சென்டர்காரர் திடுக்கிட்டு மாடிப்படியை எட்டிப் பார்த்தார்.

புதியவர்களாகச் சான்றிதழுக்காக வந்த சில கல்லூரி மாணவர்களும், பொன்னமராவதியில் விதைக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணியும் இருந்தார்கள். நண்பர் பேசி முடித்ததும் எல்லோரும் ஒரு கட்டுரை எழுதிப் பார்க்கச் சொன்னோம். அந்தப் பெண்மணி தன் போனில் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தித் தன் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதினார். கண்மாய்க்கு மூன்று மடைகள், நடுமடையை முதலில் திறக்கும் வழக்கம் இல்லை என்றெல்லாம் எழுதியிருந்தார். அதை நான் எங்கும் படித்ததில்லை. சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இது ஒலகம் பூராத் தெரியுமாண்ணே?”

“தெரியுங்க” என்றேன். அன்று நான் உரக்கப் பேசிய வார்த்தை அதுதான்.

டீ வந்துவிட்டதா என்று பார்க்கக் கீழே போய்த் திரும்பியபோது, அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுரை இல்லை. ‘சான்று இல்லை. சொந்த அனுபவம். நீக்கப்பட்டது’ என்று இருந்தது. கீழே நண்பரின் பயனர் பெயர்.

நண்பர் அதே அறையில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கங்களை நீக்கும் உரிமை எங்கள் இருவரில் அவருக்குத்தான் உண்டு. புதிதாக வரும் பக்கங்களைப் பார்த்து, தேறாதவற்றை நீக்குவது அவருக்குத் தினசரி வேலை. கை சும்மா இருந்தால் சிலர் வேர்க்கடலை உடைப்பதைப் போல அவர் அதைச் செய்வார். மாணவர்கள் எழுதியவற்றையும் நீக்கியிருந்தார். அவர்கள் சிரித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். கடையைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நண்பரிடம் போய் என் போனில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் முகம் செத்துவிட்டது.

“பேரப் பாக்கலங்க. புதுப் பக்கம் வந்துச்சு, சான்று இல்ல, தூக்கிட்டேன்.”

“ஆளு சேக்க மாநாடு போட்டு, வந்த ஆளையும் வெரட்டியாச்சா?” என்றார் காட்டுப்பூனை. யாரும் சிரிக்கவில்லை.

நண்பர் கட்டுரையை உடனே மீட்டார். எழுதுகிற ஒவ்வொருவருக்கும் செய்தி விட அங்கே ஒரு பேச்சுப் பக்கம் உண்டு; அந்த அம்மாவின் பேச்சுப் பக்கத்தில் நீளமாக மன்னிப்பும் எழுதினார். அப்படி ஒரு பக்கம் தன் பெயரில் இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. நான் போனை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

டவுன் பஸ்ஸுக்காக அவர் நின்றுகொண்டிருந்தார். போனை நீட்டி, பக்கம் திரும்ப வந்துவிட்டது என்று சொன்னேன். மரியாதைக்காக ஒருமுறை பார்த்தார்.

“இருக்கட்டுண்ணே. இது ஒங்கள மாதிரி படிச்சவங்க எழுதுறது. நான் பன்னெண்டாவதோட நின்னவ.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதைச் சொன்னால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. வாக்கியம்கூட மனதில் தயாராக இருந்தது. பஸ் வந்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் ஏறி, நான் நின்றதற்கு மறுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

மதியம் ‘புதியவர்களுக்கு வழிகாட்டல்’ என்ற அமர்வு நடந்தது. மாணவர்கள் சாப்பிட்டதும் போயிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் தெரிந்ததையே நண்பர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். போதும் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு அவர் நீக்கும் உரிமையைத் தானே எழுதிக்கொடுத்து விட்டுவிட்டார். எழுதுவதையும் நிறுத்திக்கொண்டார். ஒருநாள் கடைக்கு வந்தவரிடம் ஏன் என்று கேட்டேன்.

“பக்கத்தத் தொறந்தாலே நீக்கறதுக்குக் கை தானாப் போகுதுங்க” என்றார். வண்டிக்குக் காற்று நிரப்பிக்கொண்டு போனார்.

கடையில் வேலை இல்லாதபோது புதிய பக்கங்களின் வரிசையைத் திறந்து பார்க்கிறேன். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் யாராவது எழுதியது வந்துகொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் எதுவும் வருவதில்லை.