பறந்து வந்த மகனும் மதுரை ஆஸ்பத்திரியில் என் கணக்கும்

அம்மனைக் கும்பிடுகிற உங்களுக்கு வணக்கம். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், முன்னே பின்னே மறந்தும் போயிருப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் திருச்சுழிப் பக்கம் மானாவாரி விவசாயம்.

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை என் வீட்டுக்காரருக்கு வயிறு வீங்கி, உயிர் போகிற வலி. மதுரையில் சேர்த்தோம். குடலில் அடைப்பு. மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். இவரோ, "மகன் மொகத்தப் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்" என்று முரண்டு பிடித்தார். கண் முழிக்க மாட்டோம் என்று பயம்.

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். "பதினொன்றரைக்கு ஏறி, ஒரு மணிக்கு மதுரையில எறங்குவேம்மா" என்றான். ஒன்றரை மணி நேரம்தானே, நம் ஊர் பஸ்ஸே அவ்வளவு நேரம் எடுக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு, "ஏறிட்டேம்மா, கெளம்பப் போகுது" என்று போன் வந்தது. சீக்கிரமே கிளம்பிவிட்டது, பத்தரைக்கு இறங்கிவிடுவான் என்று விரல் விட்டு எண்ணினேன். பத்தரை ஆனது. பதினொன்றும் ஆனது. அவன் போன் அணைந்தே கிடந்தது. விமானம் கடலில் விழுந்துவிட்டது என்றே முடிவு செய்தேன். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, "மாரியாத்தா, எம்புள்ளையக் கொண்டு வந்து சேரு" என்று அழுதேன்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த காரியாபட்டிக்காரம்மா ஓடிவந்தார். அவர் தம்பியும் சிங்கப்பூர்தான்.

"ஏக்கா, அங்கிட்டு மணி நமக்கு ரெண்டரை மணி நேரம் முந்தி. அவுக பதினொன்றரை நமக்கு ஒம்போது. மொத்தம் நாலு மணி நேரப் பயணம். மகன் இன்னும் ஆகாசத்துலதான் இருக்காரு."

போன உயிர் வந்தது. ஆனால் ஒரு மணிக்குத்தானே வருவான்? டாக்டர் சொன்ன கெடு பன்னிரண்டு. "தாயே, அந்த ஆகாயத்தைக் கொஞ்சம் சுருக்கித் தா" என்று மறுபடி முடிச்சைப் பிடித்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்த என் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பினார்.

"எம்புட்டுத் தூரமாம்?"

அந்தம்மா போனைப் பார்த்து, "மூவாயிரம் கிலோமீட்டர் போட்டுருக்குண்ணே" என்றார்.

"திருச்சுழிக்கும் மதுரைக்கும்?"

"அம்பது அறுபது இருக்கும்."

அவ்வளவு வலியிலும் சிரித்துவிட்டார். "அதுக்கே நம்ம பஸ்ஸுக்காரன் அந்தப் பாடு படுத்துறான். மூவாயிரத்தத் தாண்டி வாரவன், நான் செத்த நேரம் மயங்கிக் கெடந்தா காத்திருக்க மாட்டானா? கொண்டாங்க பேப்பர."

நான் ஆகாயத்தைச் சுருக்கக் கேட்டேன். மாரியாத்தா இவர் பயத்தைச் சுருக்கிக் கொடுத்தாள்.

மகன் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தான். சாயங்காலம் இவர் கண் திறந்து கேட்ட முதல் கேள்வி, "எம்புட்டு ஒசரத்துலடா வந்த?"

தையில் மாவிளக்கு எடுத்தோம். இப்போது எதற்கும் முந்திக்கொண்டு அழுவதில்லை. வாய்திறந்து நாலு பேரிடம் விசாரிக்கிறேன். தலைக்கு மேல் விமானம் போனால், யார் பிள்ளையோ, நல்லபடி இறங்கட்டும் என்று கும்பிடுகிறேன். நீங்களும் அவளை நம்பிக் கேளுங்கள். கேட்டது ஒரு பக்கம் இருக்க, வேறு பக்கமாக வந்து நிற்பாள்.

மூவாயிரம், நாலு மணி நேரம் என்பதெல்லாம் காதில் கேட்டதுதான். விவரம் தெரிந்த பிள்ளைகள் யாராவது சரிபார்த்துத் திருத்திப் போடுங்கள்.