கடலுக்கு மேலே அண்ணன், கூட்டேரிப்பட்டில் நான்

சிகாகோ எவ்வளவு தூரம் என்று என் அம்மாவைக் கேட்டால் கிலோமீட்டர் கணக்கில் சொல்வாள். நடுவில் தோஹாவில் இறங்கி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். கண்டமங்கலம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "இதோ பக்கத்துலதான" என்பாள். சிகாகோவில் இருப்பவன் என் அண்ணன். கண்டமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான்.

போன ஐப்பசியில் அம்மா திண்டிவனம் வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து படுத்த படுக்கை. இரவுக்கு மட்டும் ஒரு ஆயாம்மா கிடைத்தார். பகலுக்கு நான். விடிந்தால் விழுப்புரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து திண்டிவனத்துக்கு இன்னொரு பஸ். குளிப்பாட்டி, பெட்பேன் கழுவி, சோறாக்கி வைத்துவிட்டு சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். நீ எப்படியம்மா வந்து போகிறாய் என்று ஒரு ஆள் கேட்டதில்லை. பக்கத்தில் இருக்கிற மகள், வராமல் வேறென்ன வேலை அவளுக்கு!

அண்ணன் ஒரு வாரம் வந்தான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "இருபத்திரண்டு மணி நேரம் உக்காந்துகினே வந்துகிறான் பாவம், காலெல்லாம் வீங்கிப்போச்சு" என்று உருகினாள். அந்தக் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தது நான்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனோ தூக்கம் மாறிப்போய்விட்டது என்று பகல் முழுக்கத் தூங்கினான். ஊருக்குக் கிளம்பும்போது, தன் விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு, ராத்திரி விமானத்தில் ஏறினான்.

மறுநாள் பூராவும் அம்மா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாத்திரையை நீட்டினால், "இருடி, இப்பதான் கடலுக்கு மேல போய்க்கினுகிறான்" என்றாள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நான் ஏறிய பஸ் கூட்டேரிப்பட்டில் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. "பின்னாடி வர்ற வண்டியில ஏறிக்கோங்க" என்று கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டார். பின்னால் வந்த எதுவும் நிற்கவில்லை. ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே, முழங்கால் வரை நனைந்து நின்றேன். வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லிவிட்டு, அம்மா கூப்பிடுவாள் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். திண்டிவனத்திலும் அதே மழைதான், அவள் கட்டில் ஜன்னலோரம்தான். கூப்பிடவில்லை. ஆத்திரம் தாங்காமல் நானே அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கண்ணு, எறங்கிட்டியாப்பா?"

"நான்தாம்மா. பஸ்ஸு நின்னுபோச்சு. கூட்டேரிப்பட்டுல மழையில மாட்டிக்கினு நிக்கிறேன்."

"நீயா? ஜல்தி வைடி போனை. அவன் கூப்புடற நேரம்."