சொக்கலிங்கம் காலியாக விட்ட இடங்கள்

செவ்வாய்க்கிழமை மாலை, அச்சுக்குப் போக வேண்டிய மரண அறிவிப்புகளின் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் வேலை அல்ல. அதைப் பார்க்க வேண்டியவர் காய்ச்சலில் கிடந்தார். நான்காவது அறிவிப்பு பிரெஞ்சில் மூன்று வரி. கான் தெ மாஸ்க் ஊரைச் சேர்ந்த சிறு கரும்பு விவசாயி சொக்கலிங்கம், வயது ஐம்பத்தெட்டு, வயலிலிருந்து திரும்பும் வழியில் காலமானார். இறுதிச் சடங்கு நடந்து முடிந்தது. மூன்று வரியிலும் பிழை இல்லை. கால்பந்து என்ற சொல்லும் இல்லை. கையெழுத்திட்டு மெய்ப்பை அச்சுக்கூடத்துக்கு அனுப்பினேன். அது கதவைத் தாண்டிய பிறகுதான் எனக்குச் செய்தியாயிற்று.

கான் தெ மாஸ்க் மைதானத்தின் வேலி ஓரம் ஞாயிறு பிற்பகல்களில் நின்றவர்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். அவர் இருந்தால் முதலில் அவரே திருத்துவார்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை. அது நம் தீவின் கோடை. கரும்பு வெட்டு முடிந்து, அடுத்த வெட்டு வரை வயலில் பெரிய வேலை இல்லாத மாதங்கள். கிராமங்களுக்கிடையே கோப்பைப் போட்டி நடப்பது அப்போதுதான். நம் கிராமத்துக் கால்பந்து ஆட்டக்காரர்கள் கப்பலேறிப் போவதும் அப்போதுதான். நம்மவர்கள் இன்னும் புர்போன் என்றே சொல்லும் ரெயூனியோன் தீவில், சர்க்கரை ஆலைகள் இயந்திரங்களைக் கழற்றிப் பழுதுபார்க்கும் காலம் அது. ஆலைக்கு ஆலை ஓர் அணி உண்டு. நன்றாக ஆடுகிறவனுக்கு மூன்று மாதம் ஆலையில் வேலை, படுக்கை, சாப்பாடு, காலுக்குச் சரியான தோல் பூட்ஸ். ஆட்டத்துக்குக் கூலி கிடையாது, இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. ஆனாலும் போனார்கள்.

அதைப் பற்றி எழுதத்தான் போயிருந்தேன். ஆட்டம் தொடங்கியதும் வழக்கம்போல் எண்ணினேன். கான் தெ மாஸ்க் பக்கம் பத்துப் பேர். மறுபடி எண்ணினேன். பத்துதான். இடப்பக்க முன்வரிசையில் ஆளே இல்லை. எல்லைக்கோட்டோரம் ஒரு மெலிந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலும் கீழுமாக நடந்துகொண்டே கத்திக்கொண்டிருந்தார். அவர்தான் அணியின் செயலாளர் சொக்கலிங்கம் என்றார்கள்.

“ஒரு ஆள் குறையுதே?” என்றேன்.

“குறையல. அவன் கப்பல்ல இருக்கான்” என்றார், நடையை நிறுத்தாமல்.

வேலி ஓரம் பையன்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், காலில் சேறு இல்லாமல். அவர்களை இறக்கலாமே என்றேன். அப்போதுதான் அந்த ஊரின் வழக்கத்தைத் தெரிந்துகொண்டேன். ஆட்டக்காரன் ஒருவன் கப்பலேறிப் போனால், அவன் போன பிறகு வரும் முதல் ஆட்டத்தில் அவன் இடத்தில் யாரும் இறங்கக் கூடாது. ஒரே ஓர் ஆட்டம். அடுத்த ஞாயிறு வேறு ஆள் வரலாம். சொக்கலிங்கம் கொண்டுவந்த வழக்கம் அது.

“தோத்துப்போவீங்களே” என்றேன்.

“தோக்கறோம். அவன் போனது ஊருக்குத் தெரியணும் இல்ல?”

பேசிக்கொண்டே எங்கோ போனார். திரும்பி வந்தபோது தலையில் ஒரு நாற்காலி இருந்தது. தன் வீட்டிலிருந்து வயலைக் கடந்து சுமந்து வந்திருந்தார். “உக்காருங்க, மிஸ்யே காஸேத்” என்றார். மிஸ்யே என்றால் ஐயா, காஸேத் என்றால் பத்திரிகை. அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர். நான் போன ஞாயிறெல்லாம் அந்த நாற்காலி நடுக்கோட்டுக்கு நேரே இருக்கும். அவர் உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த வாரம் நான் எழுதிய செய்தியில், அணிகளை விட்டு ஓடும் ஆட்டக்காரர்கள் என்று எழுதியிருந்தேன். புதன்கிழமை காலை சொக்கலிங்கம் போர்ட் லூயிக்கு ரயிலேறி வந்து, அலுவலகத்தில் என் மேசை முன் நின்றார். மடித்த பத்திரிகை கையில் இருந்தது.

“அவன் ஓடல, மிஸ்யே காஸேத். போனான். ஓடறவன் சொல்லிட்டு ஓடுவானா? இவன் வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போனான். எந்தக் கிழமை திரும்பறான்னும் சொல்லியிருக்கான்.”

“எந்தக் கிழமை?”

“மார்ச்சுல ரெண்டாவது ஞாயிறு. நான் எல்லாரையும் கேட்பேன். வருவியான்னு கேட்கறதில்ல. எந்தக் கிழமைன்னுதான் கேட்பேன்.”

மறுநாள் இரண்டு வரியில் திருத்தம் போட்டோம். போகும்போது, நீங்கள் ஏன் இளமையில் போகவில்லை என்று கேட்டேன். வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்று யோசித்தார். “போயிருப்பேன். யாரும் கூப்பிடல. நான் ஒரு கோல்கூடப் போட்டதில்லையே” என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் போகிறார்கள் என்பதை அவரைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. கரும்பு வெட்டி முடிந்தால் மண் தானாக வளர்க்கும். இரண்டு அர்ப்பான், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், நிலம் உள்ள வீட்டில் நான்கு ஆண்பிள்ளைகளுக்கு என்ன வேலை? கோயில் வாசலில் நிற்பார்கள், சாலையில் நிற்பார்கள், மறுபடி கோயில் வாசல். “கரும்பு நின்ன இடத்துல வளரும். பையன் நின்ன இடத்துல கெட்டுப்போவான்” என்றார். அதே மூச்சில், “ஆனா எனக்குப் பதினொரு பேர் வேணும்” என்றார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் எல்லைக்கோட்டோரம் நடந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

பதினொரு பேர் வேண்டும் என்பது வெறும் ஆட்ட விதி அல்ல. மைதானம் மூன்று அர்ப்பான். பெரிய கரும்புத் தோட்டத்துக்குச் சொந்தமான நிலம். ஊர் அணி ஆடும்வரை ஆடிக்கொள்ளலாம், ஆடாவிட்டால் கரும்பு நடுவோம் என்பது வாய்மொழி ஏற்பாடு. தோட்டத்தின் பழைய மேலாளர் பத்துப் பேரைப் பார்த்தும் பார்க்காதவர்போல் இருந்தார். பிறகு ஒரு கோடையில் புது மேலாளர் வந்தார். விசில் ஊதும்போது பதினொரு பேர் நிற்காத அணிக்கு மூன்று அர்ப்பான் எதற்கு என்று கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கு நானே வந்து எண்ணுவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் ஒரே கப்பலில் மூன்று பேர் புறப்பட்டார்கள். மூன்றாவது ஆள் மாணிக்கம், சொக்கலிங்கத்தின் தம்பி, அந்த மாவட்டத்திலேயே நன்றாக ஆடுகிறவன்.

துறைமுகத்தில் நானும் இருந்தேன். கப்பல் செய்தி எடுப்பது என் வழக்கமான வேலை. தம்பியின் தகரப் பெட்டியை அண்ணன்தான் தோளில் சுமந்து வந்தார்.

“அண்ணே, திட்டறதுன்னா இங்கேயே திட்டிடு. கப்பல் வரைக்கும் சும்மா வராதே” என்றான் மாணிக்கம்.

“எதுக்குத் திட்டணும்? பூட்ஸ் நல்லதாக் கேட்டு வாங்கிக்க. பழசைத் தள்ளிவிடுவானுங்க.”

“மைதானம்?”

“அது என் வேலை. எந்தக் கிழமை வருவே?”

மாணிக்கம் கடலைப் பார்த்தான். “தைப்பூசம் முடிஞ்சு நாலாவது ஞாயிறு.”

“நாலாவது ஞாயிறு” என்று திருப்பிச் சொல்லிப் பெட்டியை இறக்கினார். கப்பல் நகரும்வரை நிற்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார். ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

ஞாயிறு நான் போனபோது ஊரே மைதானத்தில் இருந்தது. வழக்கப்படி பார்த்தால் எட்டுப் பேர்தான் இறங்க வேண்டும். எட்டுப் பேர் இறங்கினால் மைதானம் போயிற்று. வழக்கத்தை விட்டுவிடு என்று பாதிப் பேர் அவரைச் சூழ்ந்து கத்தினார்கள். “உன் தம்பிக்காக ஊர் மைதானத்தை விடணுமா?” என்று ஒருவர் கேட்டார். சொக்கலிங்கம் போனவர்களின் மூன்று சட்டைகளை எடுத்தார். அணியின் பச்சைச் சட்டைகள். ஒவ்வொன்றாக வேலிக் கம்பத்தில் மாட்டினார். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“இடம் காலிதான். சட்டை அங்க இருக்கு பாருங்க. நாங்க மூணு பேர் ஆட வரல, சும்மா நிக்க வர்றோம்” என்றார்.

“எந்த மூணு பேர்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“நான் ஒண்ணு. முருகேசன் ஒண்ணு.” முருகேசன் கோயிலில் தவில் வாசிப்பவர், கனத்த உடம்பு. “மூணாவது...” என்று திரும்பி என் நாற்காலியைப் பார்த்தார்.

நான் நோட்டுப் புத்தகத்தை நாற்காலியில் வைத்தேன். அதை இங்கே முதல்முறையாக எழுதுகிறேன். வெள்ளைச் சட்டையும் அலுவலகக் காலணியுமாக இடப்பக்கம் நின்றேன். விசிலுக்கு முன் மேலாளர் கைத்தடியால் ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணினார். முருகேசனிடம் தடி கொஞ்சம் நின்றது. என்னிடம் இன்னும் அதிகமாக நின்றது.

“இது அணி இல்லை” என்றார் மேலாளர். “ஆனால் பதினொன்று.”

எதிரணி சேன் பியேர் கிராமம். ஆறு கோல் வாங்கினோம். முருகேசன் பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். “எழுந்திரு அண்ணே, அலே, எண்ணிக்கை குறையுது!” என்று வேலியிலிருந்து பையன்கள் கத்தினார்கள். பந்து என்னிடம் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வெளியே அடித்தேன். சொக்கலிங்கம் தன் இடத்தில் நிற்காமல், மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்துகொண்டே இருந்தார். எல்லைக்கோட்டுக்கு வெளியே செய்ததையே உள்ளே செய்தார், அவ்வளவுதான். மைதானம் தப்பியது.

மறுநாள் பத்திரிகையில் ஒரு வரி எழுதினேன்: சேன் பியேர் ஆறு, கான் தெ மாஸ்க் பூஜ்யம், இரு அணிகளும் பதினொரு பேருடன் ஆடின. அந்தப் பதினொன்றில் நானும் ஒருவன் என்று எழுதவில்லை. முப்பது வருடத் தொழிலில் தெரிந்தே நான் மறைத்த விஷயம் அது ஒன்றுதான். அடுத்த முறை போனபோது சொக்கலிங்கம், “பதினொண்ணுன்னு எழுதினீங்க. போதும்” என்றார்.

தைப்பூசம் முடிந்து நான்காவது ஞாயிறு மாணிக்கம் வரவில்லை. அன்று ஆட்டத்தில் தம்பியின் சட்டையை மறுபடி வேலியில் மாட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையுடன் அவரே இறங்கினார். பந்தைப் பார்த்ததைவிட ரயிலடியிலிருந்து வரும் சாலையை அதிகம் பார்த்தார். கடிதம் வந்தது, ஆலையில் இன்னும் வைத்துக்கொள்கிறார்கள் என்று. இரண்டு வருடம் கழித்து மாணிக்கம், தகவல் சொல்லாமல், ஒரு புதன்கிழமை வந்து நின்றான். மாட்டுக்குத் தீவனம் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்து, “நீ சொன்னது ஞாயிறு” என்றார். பிறகு உள்ளே போய்ப் பச்சைச் சட்டையை எடுத்து வந்தார். துவைத்து மடித்து வைத்திருந்தாராம். இதை மாணிக்கமே எனக்குச் சொன்னான்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது மூன்று வாரத்துக்கு முன். ரயிலுக்கு நேரமாகி, ஆட்டம் முடியுமுன்னே எழுந்தேன். அவர் கூடவே நடந்து வந்தார். இந்த வருடமும் இரண்டு பேர் புர்போனுக்குப் போகிறார்கள், ஒருவனுக்குப் பத்தொன்பது வயதுதான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ரயிலடி தெரிந்ததும் நின்றார்.

“மிஸ்யே காஸேத், எந்தக் கிழமை?”

என்னிடம் அவர் அதைக் கேட்டது அதுவே முதல் முறை. “வர்ற ஞாயிறு” என்றேன், படியில் கால் வைத்துக்கொண்டே.

அந்த ஞாயிறு துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் தரைதட்டியது. நாள் முழுதும் அங்கே இருந்தேன். சொல்லியனுப்பவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் ஏதோ வேலை.

அறிவிப்பு வெளியான மறுநாள், வியாழக்கிழமை, கான் தெ மாஸ்க் போனேன். மாணிக்கம் வாசலில் நின்றிருந்தார். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. உள்ளே சுவரோரம் அந்த நாற்காலி இருந்தது. கால்களில் காய்ந்த சேறு.

“நீங்க வர்றதாச் சொன்ன ஞாயித்துக்கிழமை நல்ல மழை” என்றார் மாணிக்கம். “தோட்டத்து மேலாளர் வந்தாரு. முட்டி வலின்னு நாற்காலியைக் கேட்டாரு. அண்ணன் குடுக்கல.”

“மேலாளருக்கா?”

“‘இல்ல மிஸ்யே, ஆள் வருது’ன்னுட்டாரு. அயோ, எங்களுக்கெல்லாம் பயம். நிலம் அவரு கையில. பாதி ஆட்டம் ஆச்சு, நீங்க வரல. நான் போய், ‘அண்ணே, இனிமே வரமாட்டாரு, குடுத்திடு’ன்னேன். ‘ஒரு ஆட்டம்தானே’ன்னாரு.”

“மேலாளர் என்ன சொன்னார்?”

“கடைசி வரைக்கும் நின்னாரு. அண்ணனும் நின்னாரு. நாற்காலி நனைஞ்சுது.”

மைதானத்தைப் போய்ப் பார்த்தேன். புல்தான் இருந்தது. கரும்பு நடவில்லை.

மாணிக்கம் ரயிலடி வரை வந்தார். நான் ஏறும்போது, எந்தக் கிழமை என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அது அண்ணனின் கேள்வி. அந்த வீட்டில் இன்னும் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் மிஞ்சியது சொக்கலிங்கத்தின் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான். வர்ற ஞாயிறு என்று சொன்னேன். மழையில் நனைந்த நாற்காலி வீட்டுக்குள் வந்துவிட்டது; நான் சொன்ன ஞாயிறு இன்னும் அங்கேயே, நடுக்கோட்டுக்கு நேரே, காலியாக இருக்கிறது.