நார்த்தை முள்ளில் பாடிய இசைத்தட்டு

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினர் யாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்க வேண்டாம். அழுமூஞ்சிகளைக் கண்டாலே அண்ணனுக்கு ஆகாது. கூடப் பிறந்த தங்கை நான் சொல்கிறேன், சிரித்துக்கொண்டே படியுங்கள்.

அண்ணன் பிறந்தது மலைமேல், சோளக்காடு என்ற ஊருக்குப் பக்கத்தில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், மீசை முளைக்கும் முன்பே மிளகு மூட்டையைத் தலையில் வைத்து மலையடிவாரக் காரவள்ளிக்கு இறங்க ஆரம்பித்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், மூட்டையோடு இறங்கியவர் ஒரு பழைய கிராமபோன் பெட்டியோடு ஏறி வந்தார். அடிவாரத்துக் கடைக்காரப் பாய் மிளகுக்கு மாற்றாகக் கொடுத்தாராம். அம்மா வெகுநாள் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெட்டி வந்ததே தவிர, ஊசி வாங்கி மாளவில்லை. இரும்பு ஊசியைப் பாட்டுக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். மழுங்கியதைப் போட்டால் இசைத்தட்டைக் கீறிவிடும். ஊசி மாட்டுகிற இடத்தில் அண்ணன் வேலியில் கிடைத்த முள்ளையெல்லாம் மாட்டிப் பார்த்தார். இலந்தை முள் முறிந்தது. காரை முள் கரகரத்தது. நார்த்தை முள்தான் அவர் சொன்னபடி கேட்டது. அடுப்புப் புகையில் நன்றாகக் காயவைத்து, முனையைக் கல்லில் தீட்டிப் போட்டால் சத்தம் கொஞ்சம் தணிந்துதான் வரும். ஆனால் இரைச்சல் அடங்கிக் குரல் தெளிவாகக் கேட்கும். பிறகு மலையில் எந்தக் கல்யாணத்துக்கும் அண்ணனின் பெட்டியைக் கூப்பிட்டார்கள்.

அவருடைய கல்யாணம்தான் இழுத்துக்கொண்டே போனது. மலையிலேயே இன்னொரு பகுதியான ஆலத்தூர் நாட்டுக்கு நாங்கள் பெண் பார்க்கப் போனோம். அம்மா தடுத்தும் கேட்காமல் பெட்டியையும் சுமந்து வந்தார் அண்ணன். பெண்ணைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. அது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. பெண்ணின் அப்பாவோ, பாட்டுப் பெட்டி தூக்குகிறவர் குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவார் என்று ஜாடையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய்த் தம்மிடமிருந்த ஒரே இசைத்தட்டை எடுத்து வந்தார். கண்ட ஊசியும் ஓடித் தேய்ந்து, போட்டால் கடுகு பொரிகிற சத்தம் மட்டும்தான் வருமாம்.

“இதப் பாட வெச்சீங்கன்னா மேல பேசலாமுங்க” என்றார்.

காய்ந்த முள் வைத்திருந்த டப்பாவை அண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மாப்பிள்ளைக் கோலத்தில் சட்டைக்குப் பொத்தான் போடுவதே பெரிய வேலையாக இருந்திருக்கும். கையில் இருந்தது இரும்பு ஊசி. அதைப் போட்டால் தட்டில் மிச்சமிருந்த பாட்டும் போய்விடும். புழக்கடை நார்த்தை மரத்தில் ஒரு முள்ளை ஒடித்து மாட்டினார். பச்சை முள் வளைந்துகொண்டது. பெட்டி முனகியது, அவ்வளவுதான். அம்மா எழுந்திருக்கத் தயாரானார். சம்பந்தம் பேசி முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாதென்பதால் காலையிலிருந்து நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. எனக்கு அண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது.

அண்ணன் இன்னும் சில முட்களை ஒடித்துக்கொண்டு நேராகச் சமையற்கட்டுக்குள் போய்விட்டார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை செய்கிற காரியமா அது?

“ஏனுங்க, மணல் சட்டி இருக்குதுங்களா? இந்த முள்ளக் கொஞ்சம் வறுத்துக் குடுங்க.”

அடுப்படியில் நின்ற அந்தப் பெண், அதாவது எங்கள் அண்ணி, முட்களைக் கடலை மாதிரி மணலில் வறுத்து, சிவந்ததும் எடுத்துக் கொடுத்தார். அண்ணன் அம்மியின் ஓரத்தில் ஒன்றைத் தீட்டி மாட்டினார். முதலில் லேசாக இரைந்தது. பிறகு பாட்டு வந்தது, ஒரு சொல் விடாமல். பாட்டு முடிந்தபின் பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை, கை நனைச்சுட்டுத்தான் போகோணுமுங்க.”

அண்ணனும் அண்ணியும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒன்றாகக் கடந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நிறைவாக வாழ்ந்தார்கள். போன மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி அண்ணன் படுத்தபோது மலைப்பாதையில் ராத்திரி பகல் பாராமல் கார் ஓட்டிய ஊர்த் தம்பிகளுக்கும், மருத்துவமனையில் சலிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதிவரை தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணிக்கும் நன்றி சொல்ல வேண்டும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

“உங்கண்ணன் முள்ளோட உள்ள வந்தப்பவே, பக்கத்து அடுப்புல, விருந்துக்கு மட்டும் ஆக்குற நெல்லுச் சோத்துக்கு உலை வெச்சுட்டேன் கண்ணு. பாட்டு வராட்டியும் அவருக்குச் சோறு போட்டிருப்பேன்.”