ஒரே பிழை, இரண்டு மதிப்பெண்

எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் ஒரு டுடோரியலில் ஆங்கிலம் நடத்திவந்தேன். ஒருமுறை பஸ் பயணத்தையும் ரயில் பயணத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஊர்க்கோடிக் காலனியிலிருந்து படிக்க வந்த மரகதத்தின் நோட்டை அவள் முன்னால் வீசி, "மோர் சீப்பராம்! வெறும் சீப்பர்னு போட்டாப் போதும்னுகூடத் தெரியல. உனக்கெல்லாம் இங்கிலீஷ் எதுக்கு?" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. சீனிவாசனின் நோட்டை வாங்கிவந்து, தன்னுடையதோடு சேர்த்து என் மேஜையில் விரித்து வைத்தாள்.

"ரெண்டுலயும் அதே மோர் சீப்பர்தான் இருக்குது சார். அவருக்கு ஏழு, எனக்கு மூணு. ஒத்துமை, வேத்துமை எழுதச் சொன்னீங்களே, இது போதுமா?"

சீனிவாசன் என் தெருப் பையன். அவன் நோட்டில் அந்தப் பிழை என் கண்ணில் படவே இல்லை. வகுப்பே என்னைப் பார்த்தது. அவமானத்தில், அவளுடைய மூன்றை அடித்து ஏழு போடப் பேனாவைத் திறந்தேன்.

"எனக்கு ஏத்த வேணாம் சார். அவருக்குக் கொறைங்க."

"திமிரா? வெளியே போ!" என்றேன். போனாள், திரும்பி வரவேயில்லை.

அதற்குப் பிறகு, பெயரை மறைத்துவிட்டுத்தான் நோட்டுகளைத் திருத்தினேன். ஆனால் சீனிவாசனின் ஏழு மதிப்பெண்ணை மட்டும் நான் கடைசிவரை குறைக்கவில்லை.