முசேவின் இருநூறு எம்பி

“…அதெல்லாம் எனக்கு எதுக்கு தம்பி? எம் பொண்ணு வந்துட்டாளா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க.”

போனில் மதாம். அன்று மதியத்திலிருந்து இது மூன்றாவது முறை. இன்னும் வரவில்லை என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் முசே இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டவுன்லோடு மறுபடியும் நின்றுபோயிருந்தது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. முதலியார்பேட்டையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். எந்த வகுப்புக்கும் போய்ப் படித்ததில்லை. கழற்றிப் பார்த்து, கெடுத்துப் பார்த்து, வருகிறவர்கள் எல்லோரிடமும் வாய் ஓயாமல் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். ஒயர் வேலைகூட நானே செய்தது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

முசே என்பவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். நேரில் கூப்பிடும்போது முசே, அவர் மனைவியை மதாம். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு அவசியமே வந்ததில்லை. இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரே மகள். பிரான்சுக்கு வேலைக்குப் போனவள் அங்கேயே ஒருவரைப் பிடித்துக் கல்யாணமும் செய்துகொண்டாள். கல்யாணம் முடிந்த பிறகுதான் வீட்டுக்குச் சொன்னாள். அதிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் போன் பேச்சு நின்றுபோனது.

“போன்ல ரெண்டு நிமிஷம் தம்பி. மூணாவது நிமிஷம் நான் கத்துவேன், நாலாவது நிமிஷம் அவ வெச்சிடுவா” என்று முசே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். குதிரையும் வாளும் சந்தைக்கடையுமாக ஒரு ஆன்லைன் விளையாட்டு. ஊரில் இருந்தபோது மகள்தான் அவருக்கு அதைப் பழக்கிவிட்டிருந்தாள். நம் ஊரில் மாலை ஐந்து மணி என்றால் அங்கே அவளுக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஐந்திலிருந்து ஆறுவரை இருப்பாள். முசே ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் குதிரையை ஓட்டிக்கொண்டு போவார். அவள் பக்கத்தில் வருவாள். என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “என்னத்த பேசறது? ரெண்டு பேரும் சேந்து பன்னி அடிக்கிறோம்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை பன்றி அடித்து முடித்ததும் அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். “அடுத்த வாரம் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்பா. கண்டிப்பா வாங்க.” முசே அந்த வரியை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வீட்டுக்குப் போய் மதாமிடமும் சொல்லியிருக்கிறார். ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அந்த அடுத்த வாரம்தான் இது. மதியம் இரண்டு மணிக்கே வந்துவிட்டார். விளையாட்டைத் திறந்தால், புதிய பதிப்பை இறக்கினால்தான் உள்ளே விடுவேன் என்கிறது. இருநூறு எம்பி. என் லைனின் வேகத்துக்கு ஒன்றேமுக்கால், இரண்டு மணி நேரம். நாலு மணிக்கு முடிந்துவிடும், ஐந்துக்கு உட்காரலாம் என்று தைரியம் சொன்னேன். சொன்ன வாய் மூடுவதற்குள் போன் அடித்தது. மதாம்தான். எடுத்துப் பேசி வைத்தேன். டவுன்லோடு நின்றிருந்தது.

நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் பரவாயில்லை. அந்த விளையாட்டோடு வந்த அப்டேட் பெட்டிக்கு அந்தப் புத்தி கிடையாது. பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். முப்பது சதவீதம் போகும், நிற்கும். மறுபடி பூஜ்யம். முசே பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொல்வார். அர்த்தம் எனக்குத் தெரியாது, ஆனால் அன்று நானும் அதைச் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

எனக்கு வந்த எரிச்சலை எங்கே கொட்டுவது? முதலில் வாடிக்கையாளர்கள்மேல் கொட்டினேன். காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் படிக்கிற ஒரு மாணவன் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். “தம்பி, கொஞ்சம் நிறுத்திக்கப்பா, லைன் இழுக்குது.” அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனான். மின்னஞ்சல் பார்க்க வந்த கோரிமேட்டு ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க வார்டுல டிரிப்ஸ்கூட இதவிட வேகமா எறங்கும்.” எனக்குச் சிரிப்பு வந்தது. முசேவுக்கு வரவில்லை.

அடுத்ததாக டெலிபோன் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கத்தினேன். “எங்க பக்கம் லைன் நல்லாத்தான் சார் இருக்கு” என்றார் அங்கிருந்தவர். நல்லா இருந்தா ஏன் அறுகிறது? கடல்காற்றில் கம்பி துருப்பிடித்திருக்கும், தெருமுனைப் பெட்டியில் எலி புகுந்திருக்கும் என்று நானாகக் காரணம் அடுக்கினேன். இதற்குள் மூன்றேமுக்கால் ஆகிவிட்டது. கையில் இருந்தது பூஜ்யம்.

அப்போதுதான் உருப்படியாக ஒன்று செய்தேன். விளையாட்டின் தளத்தில் தேடி, அதே இருநூறு எம்பியைத் தனிக் கோப்பாக வைத்திருந்த பக்கத்தைப் பிடித்தேன். அதை டவுன்லோடு மேனேஜரில் போட்டேன். கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து இழுக்கும். அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.

“இனிமே அறுந்தாலும் கவலயில்ல முசே.”

“அறுந்துபோகாம இருக்கறதுக்கு ஒண்ணும் இல்லியா?” என்றார் அவர்.

நியாயமான கேள்வி. நாலரை ஆனபோது நாற்பது சதவீதம் வந்திருந்தது. நடுவில் இரண்டு முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் மோடத்தின் விளக்குகள் அணைந்து, மினுங்கி, நிலைக்கு வர ஐந்து நிமிடம் ஆனது. அடுத்த முறை என்னதான் நடக்கிறது பார்த்துவிடலாம் என்று மோடத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தேன். விளக்கு பச்சையாக நின்று எரிந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. அடித்த அந்த நொடியே விளக்கு அணைந்தது.

போன் ஒயர் எங்கிருந்து வருகிறது என்று கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனேன்.

லைன் போட வந்தவர் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி கொடுத்திருந்தார். போன் ஒயரை இந்தப் பெட்டிக்கு அப்புறம்தான் எடுக்கணும், இல்லாவிட்டால் மணியும் இன்டர்நெட்டும் சண்டை போட்டுக்கொள்ளும் என்று சொல்லிவிட்டும் போனார். நான் போனை வாசல் பக்க மேஜைக்கு மாற்றியபோது ஒயர் எட்டவில்லை. அதனால் பெட்டிக்கு முன்னாலேயே ஒரு ஜாயிண்ட் போட்டு இழுத்துவிட்டேன். சாதாரண நாட்களில் என் கடைக்கு யார் போன் செய்கிறார்கள்? இன்று மகள் வந்துவிட்டாளா, வந்துவிட்டாளா என்று மதாம் கேட்டுக்கொண்டே இருக்க, ஒவ்வொரு கேள்விக்கும் மகள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். கம்பியைத் திட்டினேன், எலியைத் திட்டினேன், ஒரு பையனை எழுப்பி அனுப்பினேன். தப்பு என் கை ஜாயிண்ட்டில்.

அதை முசேவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அடித்துக்கொண்டிருந்த போனை எடுக்காமல், ஒயரைப் பிடுங்கி எறிந்தேன்.

அதற்குப் பிறகு அறுபடவே இல்லை. ஐம்பது. அறுபது. ஐந்து மணி அடித்தபோது முசே கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கீபோர்டின் மேல் வைத்தார். “அவ வந்து நின்னுட்டிருப்பா” என்றார். எழுபது. “குதிரய வெச்சிக்கிட்டு நின்னுட்டிருப்பா.” எண்பது. நான் டீ வாங்கி வைத்தேன். ஆடை படிந்து அப்படியே ஆறிப்போனது. ஐந்தேமுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் தொண்ணூற்றேழு.

வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. மதாம். அதுவரை என் கடைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“போன எடுத்தா என்ன கேடு உங்களுக்கு? அர மணி நேரமா அடிக்கிறேன், அடிக்கிறேன், எடுக்க ஆளில்ல!”

“மதாம், அது வந்து…” என்று நான் தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“அவ வீட்டுக்குப் போன் பண்ணிட்டா” என்றார் முசேவிடம். “அப்பாவ அங்க காணோமே, ஒடம்புக்கு என்னன்னு கேட்டு அழுவுறா. என்னடி விஷயம்னா எங்கிட்ட சொல்ல மாட்டாளாம். உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுவாளாம். ஆறு மணிக்குத் திரும்பக் கூப்பிடறேன்னா. எழுந்திரிங்க.”

முசே எழவில்லை. திரையைக் காட்டினார். “இன்னும் மூணுதான். உள்ள போயி அங்கயே பேசிக்கறேன்.”

“அவ அங்கருந்து எறங்கி வந்துட்டா! போன் பக்கத்துல ஒக்காந்திருக்கா.”

“போன்ல வாணாம்.” குரல் தாழ்ந்துபோயிருந்தது. இத்தனை காலத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. “போன்னா நான் கத்திடுவேன். மறுபடியும் வெச்சிடுவா.”

“கத்துங்க. அவளும் கத்தட்டும். ரெண்டு வருஷமா ஊமையாட்டம் பன்னி அடிச்சது போதும்.”

முசே நாற்காலியின் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தொண்ணூற்றெட்டு. மதாம் கம்ப்யூட்டரை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, திரைக்கு அடியில் பச்சையாக எரிந்த பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது. முசே, எல்லாம் போயிற்று என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார். அணைந்தது திரை மட்டும்தான். மேஜைக்கு அடியில் பெட்டிக்குள் டவுன்லோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மெதுவாக எழுந்தார். மதாம் வாசலுக்குப் போய், அவருடைய செருப்பு இரண்டையும் காலாலேயே அவர் பக்கம் தள்ளிவிட்டு, மொபெட்டில் ஏறிக் கிளப்பினார்.